ஏழு நாள் கையொப்பம்

“அம்முணி, டப்பா ஊமையாயிருச்சு” என்று நங்கை போன் செய்தது ஒரு சனிக்கிழமை காலையில். நங்கை என் அண்ணனின் மனைவி; எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவோம். டப்பா என்று அவர் சொன்னது, பேச்சுப் போன அண்ணனுக்காக நான் எழுதிக் கொடுத்திருந்த செயலியை. அதை அண்ணனின் போனில் ஏற்றிவிட்டு வந்து சரியாக ஒரு வாரம் ஆகியிருந்தது.

“தொட்டா என்ன ஆகுது நங்கை?”

“தொறக்குது, ஒடனே மூடிக்குது. உங்கண்ணன் காலையில இருந்து அதையே அமுக்கிட்டு உக்காந்திருக்கறாரு.”

காரணம் எனக்குத் தெரியும். அண்ணனுடையது ஆண்ட்ராய்டு இல்லை; அந்த வகைப் போனில் ஒரு செயலி ஓட வேண்டுமென்றால் அதில் கையொப்பம் இருக்க வேண்டும். எழுதியவர் யார் என்று சொல்லும் சான்றிதழ் ஒன்று, எந்தப் போனில் எத்தனை நாள் ஓடலாம் என்று சொல்லும் அனுமதி ஒன்று, இரண்டும் சேர்ந்ததுதான் கையொப்பம். போன் கம்பெனி தரும் இலவசக் கணக்கில் அந்த அனுமதி ஏழு நாள்தான் செல்லும். எட்டாம் நாள் செயலி திறக்காது. போனைக் கம்பியில் என் லேப்டாப்போடு இணைத்து மறுபடி கையொப்பம் போட வேண்டும்.

“மத்தியானத்துக்குள்ள வாரேன் நங்கை” என்றேன். சொல்லும்போதே எழுந்து சேலையை எடுத்துவிட்டேன்.

என் பிழைப்பே இந்தக் கையொப்பம்தான். பெங்களூரில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு, அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். செயலி எழுதுகிறவர்கள் வேறு பேர். எழுதியது போனில் ஏறாமல் சிவப்பு எழுத்தில் பிழை காட்டினால் என்னிடம் வருவார்கள். சான்றிதழ் காலாவதியா, அனுமதிப் பட்டியலில் அந்தப் போன் இல்லையா, சாவி வேறு கணினியில் கிடக்கிறதா என்று தேடிக் கண்டுபிடித்துத் தருவேன். ‘சைனிங் அக்கா’ என்பார்கள். பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்ததில்லை. “அக்கா, ஏற மாட்டேங்குது” என்று செய்தி வரும். சரியானதும் ஒரு கட்டைவிரல் படம் வரும். அதோடு சரி. சில நாள் சாயங்காலம் பால் வாங்கக் கடையில் நிற்கும்போதுதான், அன்றைக்கு வாய் திறந்து பேசுவது அதுதான் முதல் தடவை என்று தெரியும்.

அண்ணனுக்கு வாழ்க்கை முழுக்க ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் வடக்கே போய் ஊர் ஊராகப் போர் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து வருவார். அந்த இரைச்சலில் பேசிப் பேசி, ஊட்டுக்குள் மெதுவாகப் பேசினாலும் நாலு ஊட்டுக்குக் கேட்கும். எனக்கு மாப்பிள்ளை பார்த்தது அவர்தான். நான்கு வருடம் கழித்து நான் புருசன் ஊட்டை விட்டு வெளியே வந்தபோது, ஜேடர்பாளையத்துப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் நிற்க வைத்து, “இனிமே இந்த ஊட்டுப் பக்கம் வராத” என்று அதே குரலில் சொன்னார். தெருவே கேட்டது. ஒன்பது வருடம் நான் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

பிறகு ஒரு நாள் அவர் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து போன் செய்தான். அவனுக்கு மட்டும் என் இடம் தெரியும். “அத்தை, அப்பாவுக்குத் தொண்டையில ஆப்பரேஷன். உங்க ஊட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிதானுங்க. வந்துட்டுப் போறீங்களா?”

போனேன். குரல்வளையை எடுத்துவிட்டிருந்தார்கள். கழுத்தில் ஓட்டை, அதன் மேல் துணி. அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு நோட்டைக் கேட்டு வாங்கி எழுதினார்: ‘எதுல வந்தே?’

“நடந்துதான் வந்தேன். பக்கத்துலதான் இருக்கறேன்” என்றேன்.

நான் எங்கே இருக்கிறேன் என்பது அவருக்கு அன்றுவரை தெரியாது. பேனாவை மூடி நோட்டுக்குள் வைத்துவிட்டார்.

அண்ணன் ஊட்டுக்குப் போன பிறகு நோட்டு சரிப்படவில்லை. அவர் எழுதுவது மெதுவாக. நங்கை கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பதற்குள் அவருக்குக் கோபம் வந்துவிடும். மகன் தன் பழைய போனை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு வெளிநாட்டுக்கே திரும்பிவிட்டான். அந்தப் போனில் பெரிய பெரிய பொத்தான்கள் வைத்து, தொட்டால் பேசும்படி நான் ஒன்று செய்தேன். முதலில் கணினிக் குரல். “எனக்குத் தண்ணீர் வேண்டும்” என்று அது சொன்னதும் அண்ணன் சத்தமில்லாமல் சிரித்துவிட்டு, வேண்டாம் என்று கையை ஆட்டினார். சரி, ஒரு மனிதக் குரலில் பதிவு செய்வோம் என்று முடிவானது. என் குரலில்தான் பதிவு செய்யச் சொல்வார் என்று நினைத்து, அறையில் இரண்டு நாள் வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அவர் நங்கையைக் கை காட்டினார்.

காற்றாடியை நிறுத்திவிட்டு நங்கை பதிவு செய்தார். தண்ணி கொண்டா. காப்பி கொண்டா. மோட்டாரப் போடு. ஆருங்க அது. வலிக்குது. வாய்க்கால்ல நம்ம மொறத் தண்ணி எப்பங்க. மொத்தம் முப்பது பொத்தான். மறுநாளே போன் வந்தது. “எம்பட கொரல்லயே என்னைய வேல வாங்கறாரு அம்முணி, இந்தக் கூத்த ஆருகிட்டப் போய்ச் சொல்ல!” நான் சிரித்தேன். போனை வைத்த பிறகு அறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இப்படித்தான் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன. திருச்செங்கோட்டில் பஸ் மாறி, பத்து மணிக்குள் போய்ச் சேர்வேன். லேப்டாப்பைத் திறந்து கம்பியை மாட்டுவேன். சில வாரம் சுலபமாக ஏறிவிடும். சில வாரம் போன் தானாகப் புது மென்பொருளுக்கு மாறியிருக்கும், அமைப்புகளில் நுழைந்து ஒவ்வொன்றாகத் திறந்துவிட வேண்டும். ஏறிய பிறகும், எழுதியவரை நம்பலாமா என்று போன் கேட்கும். அதற்கு இணையம் வேண்டும். ஊட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிற்பேன். அண்ணனும் பின்னாலேயே ஏறி வந்து நிற்பார். செயலி திறந்ததும் முப்பது பொத்தானையும் வரிசையாக அமுக்கிப் பார்ப்பார். கீழே நங்கை எதற்கென்று தெரியாமல் “வாரேன், வாரேன்” என்று பதில் சொல்வார். பிறகு சாப்பாடு. அண்ணன் கிரிக்கெட் பார்ப்பார், நான் பக்கத்துக் கட்டிலில் தூங்கிவிடுவேன். பழசைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு ஊட்டில் அடுத்த ஆள் நடமாடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்கி எனக்குப் பல வருடம் ஆகியிருந்தது.

பணம் கட்டிக் கணக்கு எடுத்தால் அதே அனுமதி ஒரு வருடம் வரும். இது எனக்கு முதல் நாளே தெரியும். கட்ட முடியாத தொகையும் இல்லை. சாதாரண ஆண்ட்ராய்டு போன் ஒன்று வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே கிடையாது. இரண்டையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கணக்குப் பக்கத்தைத் திறப்பேன், மூடிவிடுவேன்.

ஐந்து மாதம் இப்படிப் போனது. அப்புறம் லேப்டாப்பை மாற்றினேன். புதியதைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால், சான்றிதழுக்கான சாவி இந்தக் கணினியில் இல்லை என்று சிவப்பில் வந்தது. பழைய லேப்டாப் அஸ்தம்பட்டியில் இருந்தது. கம்பெனியில் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பிழையைப் பார்த்ததும் எதையும் தொடாதே, கடைசி வரி வரை படி. அன்று நான் படிக்கவில்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் பழைய சான்றிதழை ரத்து செய்தேன். போனிலிருந்த செயலியை அழித்தேன். புதுச் சான்றிதழ் போட்டேன், ஏறவில்லை. செயலியின் அடையாளப் பெயரை மாற்றினேன், ஏறவில்லை. மறுபடி மாற்றினேன், மறுபடியும். கடைசியில், இலவசக் கணக்கில் இந்த வாரத்துக்கான பெயர்கள் தீர்ந்துவிட்டன, ஏழு நாள் கழித்து வா என்று பதில் வந்தது.

“என்னாச்சு கண்ணு?” என்றார் நங்கை.

“அடுத்த சனிக்கிழமைதான் ஆகும் நங்கை. ஒரு வாரம் நோட்டுலயே சமாளிச்சுக்கோங்க.”

அண்ணன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது, பஸ் சங்ககிரி தாண்டுமுன் எனக்கு வழி தோன்றிவிட்டது. வேறொரு மின்னஞ்சலில் புது இலவசக் கணக்கு திறந்தால் போதும், புதுப் பெயர்கள் கிடைக்கும். பத்து நிமிட வேலை. இறங்கி எதிர்ப் பஸ்ஸில் ஏறியிருக்கலாம். மறுநாள் ஞாயிறு, அன்றைக்காவது போயிருக்கலாம். நான் போகவில்லை. வெட்கம் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. எப்படியும் அடுத்த சனிக்கிழமை போகத்தானே போகிறோம் என்று மனம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வாரம் புதன்கிழமை வாய்க்கால் தண்ணீரில் தகராறு. அண்ணனின் முறை அன்று. எங்கள் வயலுக்கு மேலே இருக்கும் மேல்காட்டுக்காரர் மடையைத் திறக்கவில்லை. அண்ணன் போய் நின்றிருக்கிறார். நோட்டை எடுத்துப் போகவில்லை. பழக்கத்தில் போனை எடுத்து நீட்டி, பொத்தான் இருந்த இடத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்திருக்கிறார். அங்கே ஒன்றும் இல்லை. அங்கிருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டாராம். அண்ணன் மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஊட்டுக்கு வந்து, அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

இதை எனக்குச் சொன்னது அவர் மகன். வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டான். அவனும் கணினி வேலைதான். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“அத்தை, நான் படிச்சுப் பாத்தேன். பணம் கட்டுனா ஒரு வருஷம் வருமாம்ல?”

“ஆமா.”

“உங்களுக்குத் தெரியாம இருக்காதுன்னு நெனச்சேன். அதான் கேட்டேன்.”

“தெரியும். இன்னைக்கே கட்டறேன் சாமி.”

“நானே கட்டறேனுங்க அத்தை.”

“வேண்டாம். நான் கட்டறேன்.”

அன்றே கட்டினேன். கணக்கு வந்ததும் விடுப்புச் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமையே போனேன். அண்ணனின் போனைப் பதிவு செய்து, ஒரு வருட அனுமதி வாங்கி ஏற்றினேன். ஒரு பிழையும் வரவில்லை. கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இனி வாராவாரம் வேண்டியதில்லை என்று நங்கையிடம் சொன்னேன். “அப்பாடா, உனக்கும் அலைச்சல் மிச்சம்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அடுத்து மூன்று சனிக்கிழமைகள் அறையில் இருந்தேன். துணி துவைத்தேன். பிற்பகலில் ஏற்காடு ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன். நங்கை கூப்பிடவில்லை. டப்பா கெட்டால்தானே கூப்பிடுவார். அண்ணனால் போனில் கூப்பிட முடியாது. நானாக அழைத்து என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

நான்காவது வாரம் லேப்டாப் இல்லாமல் கிளம்பிப் போனேன். என்னைப் பார்த்ததும் அண்ணன் போனை எடுத்து நீட்டினார், டப்பா கெட்டிருக்கிறது என்று நினைத்து நான் வந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு. “அதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. சும்மாதான் வந்தேன்” என்றேன். சும்மா வந்த தங்கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. உட்காரச் சொல்லிக் கை காட்டினார். எழுந்து போய் மோட்டாரைப் பார்த்துவிட்டு வந்தார். டிவியைப் போட்டார், அணைத்தார்.

நான் சொல்லிவிட்டேன். “அண்ணா, பணம் கட்டியிருந்தா மொதல்லயே சரியாயிருக்கும். எனக்குத் தெரியும். நான்தான் கட்டல. வாராவாரம் இங்க வரலாம்னு கட்டாம இருந்தேன். உங்களுக்கு வாய்க்கால்ல நடந்ததுக்கு நான்தான் காரணம்.”

அவர் என்னைப் பார்த்தார். கழுத்துத் துணியைச் சரி செய்துகொண்டார். பிறகு போனைத் தொட்டார். “காப்பி கொண்டா” என்றது நங்கையின் குரல். சமையலறையிலிருந்து நங்கை ரெண்டு டம்ளரோடு வந்தார். அண்ணன் தன் டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு, எனக்கு வந்ததை அவர் எடுத்துக்கொண்டார். ஏன் என்று தெரியவில்லை. அவர் தள்ளிய டம்ளரில் சர்க்கரை கூடுதலாக இருந்தது.

இப்போதும் போகிறேன். மாதம் ஒரு முறை, சில சமயம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் என்னை மொபெட்டில் ஜேடர்பாளையம் அணைக்கட்டுப் பக்கத்து பஸ் நிறுத்தத்தில் கொண்டுவந்து விட்டார். போனை ஊட்டிலேயே மறந்துவிட்டிருந்தார். இருபது நிமிடம் இரண்டு பேரும் மீன் வறுக்கிற கடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பஸ் வந்தது. நான் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும், அவர் பக்கத்தில் வந்து, வண்டியை எடுக்கச் சொல்லி லாரி கிளீனர்கள் தட்டுவது மாதிரி, பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு முறை ஓங்கித் தட்டினார். டிரைவர் வண்டியை எடுத்தார்.