குழாயடியில் கரைந்த கொழுப்பு

பருத்தித்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் கோப்பாய்க்கு ஒருவர் மீன் கொண்டுவருவார். அவர் பெயரை நான் கேட்டதில்லை. விலா எலும்புகளை எண்ணலாம். குதிக்கால் உப்பில் வெடித்திருக்கும். எந்த மீனையும் பெருவிரலால் வயிற்றில் அழுத்திப் பார்க்காமல் தரமாட்டார்.

அன்று அவர் வந்தபோது, ஏறி நின்று நிறை பார்க்கும் என் கண்ணாடித் தராசு விறாந்தையில் கிடந்தது. கனடாவிலிருந்து மச்சான் அனுப்பியது. பாதத்தில் மின்சாரம் விட்டு உடம்புக் கொழுப்பைப் புள்ளிக்கணக்கில் சொல்லும் மகாஞானி. அதை நம்பி மூன்று மாதமாகத் தேங்காய்ப்பால் சொதியைத் தொடாத மடையன் நான்.

"நீங்களும் ஏறிப் பாருங்கோ அண்ணை" என்று சொல்லி, அவருடைய வயதையும் உயரத்தையும் கேட்டுப் பதிந்தேன். ஏறினார். நூற்றுக்கு முப்பத்தொரு வீதம் கொழுப்பு என்றது. வயிறு தள்ளிய எனக்குச் சொன்னதைவிட இரண்டு கூட.

அவர் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். "கால் கழுவாமல் ஏறிப்போட்டன், தம்பி."

குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு ஈரக்காலோடு மறுபடி ஏறினார். இருபத்திநாலு.

"ஏழு வீதம் குழாயடியிலை போயிட்டுதோ?" என்றார்.

"அப்ப என்ரை கணக்கு?" என்று கேட்டேன்.

"உது நிறையைச் சொல்லும், தம்பி. கொழுப்பெண்டால் வெட்டித்தான் பாக்கோணும்."

சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். அந்தப் பெருவிரல் மெல்ல அசைந்தது.

தராசு இப்போது கட்டிலுக்கடியில் தூசி பிடித்துக் கிடக்கிறது. சொதி தினமும் உண்டு. ஆனால் அவருடைய ஹோர்ன் கேட்டால், வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டுதான் படலையைத் திறக்கிறேன்.