ரசீது போட்டு வாங்கிய அபராதம்

எங்கள் வட்டார ஹாலோ பிளாக் தயாரிப்பாளர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். கீரனூரில் ஒரே ஒரு மெஷினை வைத்துக்கொண்டு கல் அடிப்பவனுக்கு அந்தப் பதவி எப்படி வந்தது என்கிறீர்களா? எல்லாம் வாய்தான். "நமக்கு வருஷத்துக்குப் பத்துப் பதினஞ்சு லட்சம் கையில நிக்குதுங்க" என்று கூட்டத்துக்குக் கூட்டம் அளந்துவிட்டேன். நம்பித் தொலைத்தார்கள்.

சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். எல்லோரும் ஒரே விலைக்குத்தான் விற்க வேண்டும், குறைத்து விற்றால் சங்கத்துக்கு அபராதம் கட்ட வேண்டும். அதைக் கணக்கிடும் முறையை வகுத்த மேதாவியும் நானே. குறைத்து விற்ற ஒவ்வொரு கல்லுக்கும் இவ்வளவு, இரண்டாம் தடவை என்றால் இரட்டிப்பு.

முதலில் மாட்டியவர் ஆலங்குடி உறுப்பினர். முந்திரிக் கொல்லையை அடமானம் வைத்துத் தொழிலுக்கு வந்தவர். கல் தேங்கிப்போனதால் விலையைக் குறைத்துத் தள்ளிவிட்டிருந்தார். கால்குலேட்டரைத் தட்டி, இருபதாயிரம் என்றேன்.

"கொஞ்சம் கொறைச்சுப் போடுங்கண்ணே. வீட்டுல ரொம்பக் கஷ்டம்."

"ரூல்ஸ்னா ரூல்ஸ்தாங்க."

அந்தத் திமிரை இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது. போதாததற்கு ரசீது வேறு. 'விலை குறைத்து விற்றதற்கு அபராதம்' என்று முத்து முத்தாக எழுதி, சங்க முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். எந்தக் கூறுகெட்டவனாவது தன் குற்றத்துக்குத் தானே ரசீது கொடுப்பானா?

அந்த ரசீதை அவர் டெல்லிக்கு, போட்டிச் சட்டத்தைக் கவனிக்கும் ஆணையத்துக்கு அனுப்பிவிட்டார். நோட்டீஸ் வந்ததும் திருச்சி வக்கீலிடம் ஓடினேன்.

"கூடிப் பேசி வெலை வச்சா, கம்பெனி டர்ன்ஓவர்ல பத்து பர்சென்ட், இல்லாட்டி லாபத்துல மூணு மடங்கு, எது அதிகமோ அதுவரைக்கும் போடலாம் சார். எத்தனை வருஷம் நடந்துச்சோ அத்தனைக்கும். சங்க நிர்வாகிகளுக்குத் தனி. மூணு வருஷச் சராசரி வருமானத்துல பத்து பர்சென்ட் வரைக்கும்."

என் கால்குலேட்டர் வித்தையெல்லாம் இதற்கு முன்னால் தூசு. மெஷினை விற்க வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை. மூன்று வருஷ வருமானவரிக் கணக்கைக் கேட்டார்கள், அனுப்பினேன். அதில் ஒளிக்க ஒன்றுமே இல்லை, அதுதான் அசிங்கம்.

கடைசியில் ஆணை வந்தது. கம்பெனிகளை விட்டுவிட்டு, சங்கத்துக்கும் நிர்வாகிகளுக்கும் மட்டும் அபராதம். செய்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்டதால் சதவீதத்தையும் குறைத்திருந்தார்கள். எனக்கு விழுந்தது பதினோராயிரத்துச் சொச்சம். அப்பாடா, மெஷின் தப்பித்தது!

பிறகுதான் கீழே இருந்த அட்டவணை கண்ணில் பட்டது. ஒவ்வொரு நிர்வாகியின் பெயருக்கு நேரேயும் மூன்று வருஷ வருமானம், அதன் சராசரி, அபராதம். இருந்ததிலேயே சின்ன வருமானம் என்னுடையதுதான். யாரோ ஒரு புண்ணியவான் அதைச் சங்க வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். என் மானம் கப்பலேறியது.

சாயங்காலம் ஆலங்குடிக்காரர் போன் செய்தார். ஏசத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"அண்ணே, ஒங்க வருமானம் இம்புட்டுத்தானா?"

"ஆமாங்க."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்லண்ணே. நான் புகாரே குடுத்திருக்க மாட்டேனே."

சண்டைக்கு வந்திருந்தால்கூட ஏதாவது பேசிச் சமாளித்திருப்பேன். அன்றைக்கு அவர் வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னபோது நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே அழுதுவிட்டேன்.