அப்பா காட்டிய சிவப்பு

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில், இரும்பைக் கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் தண்ணீரில் எண்ணெய் சரியாகக் கலந்திருக்கிறதா என்று ஒரு சின்னக் கருவியில் பார்ப்போம். புதிதாகச் சேர்ந்த கலா அதன் டப்பாவைப் படித்துவிட்டு, "இன்னாக்கா, ஜூஸ்ல சர்க்கரை அளக்கறதுன்னு போட்டுகீது?" என்றாள்.

"சர்க்கரையோ எண்ணெயோ, எவ்ளோ கலந்துகீதுன்னு காட்டும்" என்று ஒரு சொட்டு விட்டுக் கண்ணை வைத்தேன். உள்ளே பாதி நீலம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கண்ணாடிக் குழாயிலும் இதே நீலம்தான். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா நீல மருந்தில் அவருடைய சிறுநீரைச் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவாள். சர்க்கரை இல்லையென்றால் நீலம் மாறாது. கொஞ்சம் இருந்தால் பச்சை, ஏற ஏற மஞ்சள், ரொம்ப முற்றினால் செங்கல் சிவப்பு. பச்சைக்கு மேல் நான் பார்த்ததே இல்லை. "எப்பப்பா செவப்பு வரும்?" என்று வாராவாரம் கேட்பேன்.

ஒரு ஞாயிறு, குழாய் பச்சையைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி, செங்கல் நிறத்துக்கே வந்துவிட்டது. நான் கைதட்டிக் குதித்தேன். அம்மா விளக்கை அணைத்துவிட்டுக் குழாயை அப்பாவிடம் நீட்டினாள்.

"இன்னாத்த துன்னீங்க?"

"சுங்குவார்சத்திரத்துல ஜாங்கிரி" என்றார் அப்பா, என்னைப் பார்த்துக்கொண்டே. "பாப்பா செவப்பு பாக்கணும்னு கேட்டுகினே இருந்துச்சே."

கலா என் தோளைத் தொட்டாள். "இதுல வேற கலரு எதுனா வருமாக்கா?"

"வராது" என்றேன். "வரவும் வேணாம்."