பழைய காருக்குப் புது கேஸ்

கார் ஏ.சி. வேலையில் பாதி நேரம் காத்திருப்பதுதான். பழைய காரைப் புது கேஸுக்கு மாற்றுகிற வேலை என்றால் முக்கால்வாசி நேரம்.

தொண்ணூறுகளில் வந்த பல கார்களில் ஆர்-12 என்று ஒரு கேஸ் ஓடியது. ஓசோனுக்கு ஆகாது என்று அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆர்-134ஏ. பழசை எடுத்துவிட்டுப் புதுசை அப்படியே ஏற்றிவிட முடியாது. பழைய ஆயில் புது கேஸோடு சேராது என்பதால் அதை வடித்துக் கழுவ வேண்டும். ரப்பர் வளையங்களையும், ஈரத்தைப் பிடித்து வைக்கிற டிரையர் பாட்டிலையும் மாற்ற வேண்டும். அப்புறம் பம்பை மாட்டி, உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் அது உறிஞ்சி முடிக்கிறவரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

புதுக்கோட்டையில் அறந்தாங்கி ரோட்டில் என் கடை. தகரக் கூரை. முதலாளி, தொழிலாளி, வாட்ச்மேன் எல்லாம் நான்தான். தனியாகக் கடை வைத்திருக்கிற அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டீ குடிக்கப் போனால் கஸ்டமர் வந்துவிடுவார். வருவார் என்று உட்கார்ந்திருந்தால் பம்ப் சத்தம் மட்டும்தான் துணை.

என் பங்கு

குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து ஒருவர் வெள்ளைக் கார் ஒன்றைக் கயிறு கட்டி, டிராக்டரில் இழுத்துக்கொண்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. "ஏ.சி. மட்டும் ஓடணும், அம்புட்டுதான்" என்றார். இன்ஜின் ஓடாமல் ஏ.சி. ஓடாது என்று சொன்னேன். "அப்ப இன்ஜினையும் ஓட வச்சிருங்க" என்றார், ஏதோ எனக்காக விட்டுக்கொடுப்பவர் மாதிரி.

பக்கத்துப் பட்டறைக்காரர் இன்ஜினைப் பார்த்தார், நான் ஏ.சி.யைப் பார்த்தேன். பம்ப் ஓடிக்கொண்டிருந்தபோது கேட்டேன், எங்கே போவதற்கு இந்த வண்டி என்று. எங்கேயும் இல்லையாம். அப்பா இறந்த பிறகு அண்ணன் தம்பிகள் நிலத்தையும் வீட்டையும் பிரித்துக்கொண்டார்கள். இவர் தனி ஆள்தானே என்று அப்பாவின் காரை இவர் பங்கில் வைத்துவிட்டார்கள். ஒண்டிக்கொள்ள அண்ணன் வீட்டில் ஒரு மூலை உண்டு. ஆனால் எந்த நேரமும் பிள்ளைகள், டிவி, சண்டை. மத்தியானத்தில் வேப்ப மரத்தடியில் காரை நிறுத்தி, உள்ளே கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அதெல்லாம் சரி, நிறுத்திய காரில் ஏ.சி. போட்டுத் தூங்கிவிடக் கூடாது, புகை உள்ளே வந்தால் உயிருக்கே ஆபத்து என்று பயமுறுத்தித்தான் சாவியைக் கொடுத்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது கதவை ஒரு முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எடம் சின்னதுதாங்க. ஆனா கதவ நான்தான பூட்டுறேன்."

ஏர்போர்ட்

மணமேல்குடியில் மீன் வியாபாரம் செய்கிற பெரியவர் ஒருவர் தன் பழைய காரோடு வந்தார். மனைவி இல்லை. ஒரே மகள் வெளிநாட்டில். முதல்முறையாகக் கைக்குழந்தையோடு வருகிறாள். திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வர வேண்டும். "புள்ள வெயில் பாத்ததே இல்ல தம்பி. கொதிச்சுப் போயிரும்" என்றார்.

வேலை முடிகிறவரை அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. எந்தக் குழாயைக் கழற்றினாலும் "இது எதுக்கு?" என்றார். கேஸ் ஏற்றி முடித்ததும் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மடியில் குழந்தை இருக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு காற்று நேரே படுகிறதா என்று பார்த்தார். முன்னால் இருக்கிற காற்று வழியைக் கொஞ்சம் மேலே திருப்பச் சொன்னார். மீன் வாடை போக சீட்டுகளை இரண்டு தடவை கழுவியிருந்தார்.

குறித்த நாளில் ரோட்டைப் பார்த்தபடியே வேலை செய்தேன். திருச்சிப் பக்கமிருந்து ஒரு பெரிய வேன் போனது. பின்னாலேயே அவர் கார், உள்ளே அவர் மட்டும். என்னைப் பார்த்ததும் ஓரமாக நிறுத்தி இறங்கினார். சம்பந்தி வீட்டார் வேன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்களாம். மகளும் குழந்தையும் அதில் ஏறிக்கொண்டார்கள். குழந்தையைத் தூக்கினீர்களா என்று கேட்டேன். தூங்கிக்கொண்டிருந்ததாம், எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். என் கையில் ஒரு வெளிநாட்டு சாக்லேட்டை வைத்தார். வேன் கண்ணை விட்டு மறைகிறதே என்று அங்கிட்டே பார்த்துக்கொண்டு சொன்னார்: "கூலிங்ல ஒரு கொறையும் இல்ல தம்பி. அவுக பின்னாடியே ஜம்முன்னு வந்தேன்."

மஸ்கட்டிலிருந்து

என் மனைவி ஸ்டெல்லா மஸ்கட்டில் நர்ஸ். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கிறாள். ஆக, கடையில் மட்டும் இல்லை, வீட்டிலும் முதலாளி, தொழிலாளி, வாட்ச்மேன் நான்தான்.

ஒரு நாள், மாற்றி முடித்த காரில் எங்கோ கசிவு. குழாய்க்குள் நைட்ரஜன் ஏற்றி, மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் தடவி, எங்கே நுரை முட்டை விடுகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து தேடியும் அகப்படவில்லை. அப்போது ஸ்டெல்லா வீடியோவில் வந்தாள். பேச நேரமில்லை என்று சொல்லவும் மனசில்லை. போனைப் பேட்டரி மேல் சாய்த்து வைத்து, "பேசிக்கிட்டே இரு, நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்றேன். ஹாஸ்பிடலில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தவள், "ஏங்க, ஒங்க கைக்கு இங்கிட்டு, அந்தக் குழாய் வளையுற எடத்துல பாருங்க" என்றாள். கம்ப்ரசருக்குப் பின்னால், என் கண்ணுக்கு எட்டாத இடத்தில், கடுகு மாதிரி ஒரு முட்டை வந்து உடைந்து மறுபடி வந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. கடையில் இரண்டு பேராக ஒரு வேலையைச் செய்து எவ்வளவு நாளாயிற்று! இன்னும் கொஞ்சம் இரு என்று சொல்வதற்குள் அங்கே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்து நடந்துகொண்டே சொன்னாள்: "டூட்டி வந்துருச்சு, போறேன். வேற லீக் இருந்தா நாளைக்குப் பாத்துத் தாரேன்."

முன் சீட்டு

மீமிசலிலிருந்து சரோஜா டீச்சர் வந்தார். அவரேதான் கார் ஓட்டுவார். பக்கத்தில் அவர் கணவர், முன்னாள் பஸ் கண்டக்டர். சிறுநீரகம் இரண்டும் போய், டயாலிசிஸுக்காக வாரம் தவறாமல் புதுக்கோட்டைக்கு வந்து போகிறவர்கள். "வேர்த்தா தண்ணி கேக்குறாரு. தண்ணி அளவாத்தான் குடுக்கணுமாம். வழியெல்லாம் கெஞ்சுறாரு, நான் குடுக்க மாட்டேங்குறேன். என்னால முடியல தம்பி" என்றார் டீச்சர். அவர் இதைச் சொல்லும்போதே கண்டக்டர் முன் சீட்டிலிருந்து, "படியில நிக்காதீங்க, உள்ள போங்க!" என்று என்னை அதட்டினார். டீச்சரும் சிரித்துவிட்டார்.

புது கேஸுக்கு மாற்றினேன். காலையில் நன்றாகக் குளிர்ந்தது. ஆனால் அவர்கள் திரும்பிப் போவது உச்சி வெயிலில். அப்போது வெறும் காற்றுதான் வருகிறது என்று டீச்சர் போன் செய்தார். முன்னால் இருக்கிற பழைய கண்டன்சர் புது கேஸின் சூட்டை வெளியே தள்ளப் போதவில்லை. திருச்சியில் பழைய சாமான் கடைகளில் அலைந்து, வேறொரு காரின் பெரிய கண்டன்சரை எடுத்துவந்து, தாங்கி வெட்டி ஒட்டி, கூடுதலாக ஒரு ஃபேனும் மாட்டினேன். அடுத்த முறை நடுமத்தியானத்தில் கடை முன்னால் நிறுத்தினார்கள். கண்டக்டர் போர்வையைப் போர்த்திக்கொண்டு, "டிரைவரம்மா, குளுருது, கொறைங்க" என்று அதட்டினார். அன்று அவர் வழியில் தண்ணீரே கேட்கவில்லையாம். சரோஜா டீச்சர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பல மாதம் கழித்து, பெல்ட்டில் கீச்சென்று சத்தம் வருகிறது என்று டீச்சர் வந்தார். முன் சீட்டில் ஒரு கைப்பை மட்டும் இருந்தது. நான்கு கண்ணாடிகளும் இறங்கியிருந்தன. முகமெல்லாம் வேர்வை, தலைமுடியில் ரோட்டுப் புழுதி. பெல்ட்டை மாற்றிவிட்டு ஏ.சி.யையும் போட்டுப் பார்த்தேன், ஐஸாகக் குளிர்ந்தது. "நல்லாத்தானே இருக்கு டீச்சர், போடாமலா வர்றீங்க?" என்றேன். கைப்பையை எடுத்துப் பின் சீட்டில் வைத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, மறுபடி எடுத்து முன் சீட்டிலேயே வைத்தார். "போட்டா கண்ணாடிய ஏத்தணும் தம்பி. ஏத்திட்டா வண்டிக்குள்ள ஒரு சத்தமும் இல்ல."

ஆக, எவ்வளவு பழைய கார் வந்தாலும் புது கேஸ் ஏற்றிக் குளிர வைத்துவிடுகிறேன், பக்கத்து சீட்டில் ஆளை ஏற்றுகிற மெஷின் மட்டும் இன்னும் கடைக்கு வரவில்லை. வந்தால் முதலில் என் வண்டியில்தான் மாட்டிப் பார்ப்பேன்.