அவர் என்னை ‘வாங்க’ என்ற நாள்

மூன்று வருடம் இருக்கும். தை மாதம், மக்காச்சோள அறுவடை முடிந்த சமயம். அரும்பாவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரருக்குச் சளி, இருமல், காய்ச்சல். சர்க்கரை வேறு உண்டு. மனுஷன் கேட்டால்தானே? சோளத் தூசி என்று சொல்லி, கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

ஒரு வாரம் போல இழுத்த காய்ச்சல், ஒருநாள் காலையில் இறங்கிவிட்டது. நெற்றி, கை, கால் எல்லாம் ஜில்லென்று இருந்தது. எங்கள் பக்கம் ‘உடம்பு குளுந்துடுச்சு’ என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தம். அவருடைய அக்கா சந்தோஷமாக ரசம் வைக்க உட்கார்ந்துவிட்டார்.

நான் வெந்நீரோடு உள்ளே போனேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “வாங்க, உக்காருங்க. யாரப் பாக்கணும்?” என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்கு ‘ஏ புள்ள’தான். அக்கா சிரித்துவிட்டார். “இப்பத்தான் பொண்டாட்டிக்கு மரியாத குடுக்கத் தெரிஞ்சிருக்கு என் தம்பிக்கு.”

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. யாரோ வெளியாள் வந்திருக்கிறாள் என்று நினைத்து வேட்டியைச் சரிசெய்தார். அப்போதுதான் மூச்சைக் கவனித்தேன். ஓடி வந்தவருக்கு வாங்குவது போல வாங்கியது. முந்தின சாயங்காலத்திலிருந்து அவர் ஒன்றுக்குப் போகவில்லை என்பதும் உறைத்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அசதியில் உளறுகிறான், குளிர்ந்த உடம்பை ஏன் காற்றில் இழுத்துக்கொண்டு போகிறாய் என்று அக்கா தடுத்தார். நான் வாதாடவில்லை. பக்கத்து வீட்டில் சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்த வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். “மூட்டைய எறக்குங்கண்ணே. எங்க வூட்டுக்காரர ஏத்தணும்.” வண்டிக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் இறக்கினார்.

பெரம்பலூரில் டாக்டரம்மா நிமோனியா என்றார். கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் பாதித்துவிட்டதாம். செப்சிஸ் என்று பெயர் சொன்னார். உடம்பு குளிர்ந்தது காய்ச்சல் விட்டதால் இல்லை, பிரஷர் விழுந்து ரத்த ஓட்டம் குறைந்ததால்.

பிழைப்பாரா என்று கேட்டேன்.

“பொய் சொல்ல மாட்டேம்மா. எல்லாரும் பொழைக்கிறதில்ல. சக்கர வேற இருக்கு. ஆனா இன்னும் தாமதிக்காம வந்துட்டீங்க.”

“அப்ப நீங்க பாருங்க. நான் இங்கதான் இருப்பேன்” என்றேன்.

தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர் இருந்தார். அவர் கணவருக்கும் இதே நோய். மறுநாள் அந்த மனுஷன் இறந்துபோனார். கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நாங்களும் உடம்பு குளுந்துடுச்சுன்னுதான் தங்கச்சி சந்தோசப்பட்டோம்” என்றார்.

என் வீட்டுக்காரர் மெல்ல மெல்லத் தேறி வந்தார். இன்றும் மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும், நின்று நின்றுதான் ஏறுவார்.

அன்றிலிருந்து யார் வீட்டில் ‘குளுந்துடுச்சு’ என்று காதில் விழுந்தாலும் போய்விடுகிறேன். மூச்சைப் பார்க்கிறேன், பேச்சுக் கொடுக்கிறேன், ஒன்றுக்குப் போனாரா என்று கூசாமல் கேட்கிறேன். சந்தேகம் வந்தால் வண்டி வரும்வரை நகர மாட்டேன். படிக்காத டாக்டர் வந்துவிட்டாள் என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும், அந்த வீட்டில் ஒரு ஆள் குறையாமல் எல்லோரும் சேர்ந்து கிண்டல் செய்தால் எனக்கு அது போதும்.