சித்தி கையில் நான் போட்ட கட்டு

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, நான்கு வயதுத் தம்பி, சாணார்பட்டியில் இருந்து முதல் பஸ்ஸில் வந்த சித்தியின் அண்ணன். பிறகு நான்.

சித்தப்பா சித்தியை அடிப்பார். ஏழு பேரில் நான்கு பேருக்கு அது தெரியும். தம்பிக்குத் தெரியாது. சாணார்பட்டி மாமாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். எனக்கும் தெரியாது. நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளில் நடந்தது இது. அகரத்துப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம். சித்தப்பா நிலக்கோட்டைக்குப் பூ வேன் ஓட்டினார். நான் பள்ளிக்கூடம் போன பிறகுதான் திரும்புவார். நடந்ததெல்லாம் நான் இல்லாத நேரத்தில் நடந்தது.

பள்ளிக்கூடத்தில் முதலுதவி வகுப்பு வரப்போகிறது என்றார் டீச்சர். திண்டுக்கல்லில் இருந்து ஒரு நர்சம்மா வந்து நடத்துவார். இருபது பேருக்குத்தான் இடம். கட்டுப் போடத் தெரிந்தவர்களை முதலில் எடுப்பார்கள். படம் போட்ட ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தார். அப்பாவின் பழைய வேட்டியை அம்மா முக்கோணமாகக் கிழித்துத் தந்தாள். மூங்கில் தப்பை இரண்டை நானே சீவிக்கொண்டேன்.

கட்டிப் பழக ஆள் கிடைக்கவில்லை. தம்பி ஓடிவிடுவான். ஒரு சாயங்காலம் சித்தியே வந்து உட்கார்ந்தாள்.

"இங்கன கட்டுடி," என்று மணிக்கட்டைக் காட்டினாள்.

பிறகு ஒரு நாள் முழங்கை. ஒரு நாள் நெற்றி. தாளில் இருக்கிற பாடத்தை ஒவ்வொன்றாக எடுக்கிறாள் என்று நினைத்தேன். கை வீங்கியிருந்ததைப் பார்த்தேன். முந்தின தடவை நான் இறுக்கிக் கட்டியதால் என்று நினைத்துத் தளர்த்திக் கட்டினேன். சில நாள் நானாகத் துணியோடு போய் நின்றால், "இன்னைக்கு ஒண்ணும் வேணாம், போடி," என்பாள். முகம் தெளிவாக இருக்கும். அந்த நாட்களில் எனக்கு அவள் மேல் கோபம் வரும். பேசாமல் இருந்து காட்டுவேன்.

அம்மாவுக்கு அது தோதாகப் போனது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால், சித்தியின் கட்டைப் பார்த்து யாராவது கேட்பார்கள். அம்மா என் தோளில் கை போடுவாள்.

"எல்லாம் இந்த டாக்டரம்மா வேலை. பள்ளிக்கூடத்துல வகுப்பு வருதாம்ல. அவுத்தா அழுகுறா."

நான் அழுததே இல்லை. ஆனாலும் மறுக்கவில்லை. எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

மாமா வந்ததற்குக் காரணம் ஒரு போன். அகரத்து எஸ்.டி.டி. பூத்தில் இருந்து யாரோ அவர் ஊர் மளிகைக் கடைக்குக் கூப்பிட்டு, உன் தங்கச்சி கை தொங்குகிறது, வந்து பார் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாளாகச் சித்தியின் இடது கை நான் போட்ட கட்டோடுதான் இருந்தது.

அன்றைக்குச் சனிக்கிழமை, சித்தப்பாவும் வேன் எடுக்கவில்லை. மாமா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன மாப்ள இது?"

சித்தப்பா என்னைக் கை காட்டினார். "புள்ளையக் கேளுங்க மச்சான்."

"ஏத்தா, நீயா கட்டுன?"

"ஆமா மாமா. நான்தான்."

பொய் இல்லை. நான்தான் கட்டினேன்.

"அவுரு, பாப்போம்."

முடிச்சில் கை வைத்தேன். சித்தி பின்னால் நகர்ந்துகொண்டாள். "வேணாம்ணே. புள்ள அம்புட்டு நேரம் மெனக்கெட்டுக் கட்டியிருக்கு."

சொல்லும்போது அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. மாமா நம்பவில்லை. அவர் முகத்திலேயே தெரிந்தது. அப்பா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அம்மா அடுப்படிக்குள் போனாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கட்டை ஒருத்தர் சந்தேகப்படுவதா?

"உங்க கையக் குடுங்க மாமா," என்றேன்.

தப்பை வைத்து, துணி சுற்றி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டு, செத்த நேரத்தில் முடித்தேன். சித்தி கையில் இருந்த அதே கட்டு. மாமா ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"அடி ஆத்தே! எமகாதகியா இருக்காளே," என்று சிரித்தார். சித்தப்பா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். "நான் என்னென்னமோ நெனச்சு ஓடியாந்தேன் மாப்ள."

அம்மா இலை போட்டாள். மாமா ஒரு கையைத் தொங்கவிட்டபடியே கோழிக் குழம்பு சாப்பிட்டார். மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். சித்தி வாசல் வரைக்கும் வரவில்லை.

அந்தக் கை வளைந்தே கூடியது. இன்றைக்கும் அவளால் இடது இடுப்பில் குடம் வைக்க முடியாது. சித்தப்பா மேல் உள்ள கோபம் எனக்குப் பழகிவிட்டது. அப்பா அம்மா மேல் உள்ளது பழகவில்லை. ஒரு வார்த்தை போதும். ஒருத்தரும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது நான் ஒருத்திதான்.

அடுத்த வாரம் வகுப்புக்கு ஆள் எடுத்தார்கள். நர்சம்மா என் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழகுன கையால்ல இருக்கு. யாருக்குக் கட்டிப் பாத்த?"

"எங்க சித்திக்கு."

"எத்தனை தடவ?"

விரல் விட்டு எண்ணினேன். ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது என்று நெற்றிக் கட்டையும் சேர்த்துக்கொண்டேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

"பதினொண்ணு."