பின் சக்கரத்தில் நான்கு பாரம்

காலை ஆறு மணிக்கெல்லாம் யார் வீட்டுக் கதவையாவது தட்டிக்கொண்டு நிற்பது அவளுக்குப் பதினோரு வருடப் பழக்கம். வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் கையில் ரத்தம் எடுத்து, குழாய்களைப் பெட்டியில் அடுக்கி, ஒன்பதுக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். அங்கே அவளுக்கு ஊசியக்கா என்று பெயர்.

மேட்டுத் தெருவைச் சாதா சைக்கிளில் மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்துபோனது. போன மாதம் கொழுந்தன் தன் மின்சார சைக்கிளை அவளுக்குத் தந்தான். சைக்கிள் கடைக்காரன், தனக்கென்று பார்த்துப் பார்த்துப் பூட்டிய வண்டி. மேடு லேசாகிவிட்டது. அதோடு புதிதாக ஒரு தலைவலியும் வந்து சேர்ந்தது.

எடுத்த ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றினால் மேலே தெளியும் நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். வழியில் ரொம்பக் குலுங்கினால் அணுக்கள் உடைந்து சிவந்துவிடும், சோதனைக்கு ஆகாது. மேட்டு வீட்டுத் தையல்காரரின் ரத்தம் இரண்டு முறை அப்படிச் சிவந்தது. எழுபதைத் தாண்டியவர், நரம்பு நூல் மாதிரி. தேடிப் பிடிப்பதற்குள் இவளுக்கு வியர்த்துவிடும். அவருடைய மாத்திரை அளவை வாராவாரம் அந்தச் சோதனையைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார்கள்.

இரண்டாவது முறை மறுபடியும் ஊசியோடு போய் நின்றபோது அவர் கோபப்படவில்லை. நீலம் பாரித்த கையை நீட்டினார்.

"நாப்பது வருஷம் நான் துணியக் குத்துனேன். அந்தத் துணிங்க எல்லாம் சேந்து உன்னை அனுப்பிச்சிருக்கா?"

அவள் சிரிக்க முயன்றாள். அவர் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை கெட்டுப்போச்சுன்னா வராதம்மா. சோதனையும் வேணாம், ஒண்ணும் வேணாம். விட்டுடறேன்."

சொன்னதைச் செய்யக்கூடியவர். அதுதான் அவளை அரித்தது. அன்றைக்குக் குத்தாமல், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லித் திரும்பியவள் மதியம் நேராகக் கொழுந்தன் கடைக்குப் போனாள்.

"உன் வண்டி என் பேரைக் கெடுக்குதுப்பா."

"என் தங்கத்தையா சொல்றீங்க அண்ணி? முட்டையை வச்சு ஓட்டுனாக்கூட உடையாது."

"நீ ஓட்டுனா உடையாது. நான் ஓட்டுனா உடையுது."

"ஓட்டிக் காட்டுங்க."

தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவன் முதலில் சிரித்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வண்டியருகே குந்தினான்.

"நீங்க எங்க வண்டி ஓட்டுறீங்க? நாற்காலியில உக்காந்து ஊர்வலம் போறீங்க."

அவன் குனிந்து ஓட்டுகிறவன். பாதி உடம்பு கைப்பிடியில் இருக்கும், பள்ளம் வந்தால் சீட்டிலிருந்து எழுந்துவிடுவான். அதற்கு ஈடாகத்தான் பேட்டரியைப் பின்னால், கேரியருக்குக் கீழே வைத்திருந்தான். மோட்டாரும் பின் சக்கரத்திலேயே. இவளோ முதுகை நிமிர்த்தி, எழாமல் உட்காருகிறவள். மோட்டார், பேட்டரி, ரத்தப் பெட்டி, அவள் என்று நான்கும் ஒரே சக்கரத்தின் தலையில். போதாததற்கு, சார்ஜ் கூடுதல் தூரம் வரட்டுமென்று டயரில் கல்லுமாதிரி காற்றடித்து வைத்திருந்தாள்.

"அப்போ நானும் குனிஞ்சு ஓட்டணுமா?"

"இடுப்பு ஒத்துக்குமா?"

"காலையிலேர்ந்து குனிஞ்சு குனிஞ்சுதான் குத்துறேன். வண்டியிலயாவது நிமிந்து உக்கார விடு."

அவன் ஸ்பேனரை எடுத்தான். பேட்டரியைக் கழற்றி நடுச்சட்டத்தில், மிதிகட்டைக்கு மேலே தாழ்வாகப் பூட்டினான். பெட்டியை முதலில் கைப்பிடியில் மாட்டிப் பார்த்தார்கள். வளைவில் அது கையைப் பிடுங்க, அவள் சுவரில் மோதாமல் தப்பியதே பெரிது. கழற்றிவிட்டு, முன்பக்கம் சட்டத்தோடு சேர்த்து ஒரு தட்டை முடுக்கினான். கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டு நேராகவே பார்த்துக்கொண்டிருந்தது. டயரில் கொஞ்சம் காற்றையும் இறக்கினான்.

"மோட்டாரை ஒண்ணும் பண்ண முடியாது அண்ணி. அது சக்கரத்துக்குள்ளயே இருக்கு."

"இருக்கட்டும். நாலுல ரெண்டாச்சும் இறங்குச்சே."

மறுநாள் தையல்காரர் கையை நீட்டினார். நல்லவேளை, முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. இறக்கம் முழுக்கப் பெட்டி அவள் கண்ணெதிரே இருந்தது. முன்பாரத்தோடு பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கப் பயந்து, ஊர்ந்து ஊர்ந்து வந்தாள். பின்னால் வந்தவன் ஹாரனை விடாமல் அடித்தான். அடித்துக்கொள்ளட்டும்.

இயந்திரம் சுழன்ற பத்து நிமிடமும் அவள் உட்காரவில்லை. ஆய்வகப் பெண் குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குக்கா. வைக்கோல்தான்."

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது கால்வலிதான். பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். அதற்குள் பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார்.

"வண்டி சரியாயிடுச்சாமே? மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு வீடு இருக்கு. நாளையிலேர்ந்து அதையும் நீங்களே பாத்துக்கங்க."

வேண்டாம் என்று சொல்லவும் தெம்பு வேண்டும். தலையை ஆட்டிவிட்டுத் தையல்காரரை போனில் கூப்பிட்டாள்.

"ஐயா, இந்தத் தடவை நல்லா இருக்கு. மறுபடி குத்த வேணாம்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் இருமல்.

"சரி, அடுத்த வாரம் வா. விடிஞ்சும் விடியாம வந்து நிக்காத, கொஞ்சம் லேட்டா வா."

"இனிமே லேட்டாத்தான் வர முடியும்யா" என்றாள்.